ஆரம்ப சூரர்கள் ஜெர்மன் படிக்கும் முறை

முதல் மூன்று வாரம் எல்லோருக்கும் ஜெர்மன் பிடிக்கும். ‘கூட்டென் மொர்கென்’ (காலை வணக்கம்) சொல்ல வருகிறது, பெயரையும் வயதையும் சொல்ல வருகிறது, ஆங்கிலம் தெரிந்தவருக்குப் பாதிச் சொற்கள் ஏற்கெனவே பார்த்த முகங்களாக இருக்கின்றன. ஆறாவது ஏழாவது வாரத்தில், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பால் காட்ட ‘டேர்’ என்று மனப்பாடம் செய்த சொல் திடீரென்று ‘டேன்’ ஆகும், கொஞ்ச நாளில் ‘டேம்’ ஆகும். பத்து விஷயங்களில் கைவைத்துப் பத்தையும் பாதியில் விட்டவர் புத்தகத்தை மூடி வைப்பது இங்கேதான். அவர் சோம்பேறி இல்லை. மறுநாளே வேறொரு விஷயத்தை இதே உற்சாகத்தோடு முதல் பாடத்திலிருந்து தொடங்கிவிடுவார். அவருக்கு வேண்டியது புதுமை. அதை அடக்கப் பார்த்தால் தோற்பீர்கள். எங்கே புதுமைக்கு இடம், எங்கே கிடையாது என்று முன்கூட்டியே பிரித்துவைப்பதுதான் நடக்கிற காரியம்.

பாடநூல், படிக்கும் நேரம், தேர்வுத் தேதி ஆகிய மூன்றும் கடைசிவரை மாறக்கூடாது. கேட்பது, பார்ப்பது, வாசிப்பது எல்லாம் வாரத்துக்கு ஒன்றாக மாறட்டும். கீழே வரும் எல்லாம் இந்த ஒரு ஏற்பாட்டின் விவரம்தான்.

எவ்வளவு நாள் ஆகும்?

மொழித்திறனை அளக்கும் ஐரோப்பிய அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோதே இன்ஸ்டிட்யூட் 45 நிமிடப் பாடவேளையை அலகாக வைத்துக் கணக்குச் சொல்கிறது: ஏ1 படிக்கு 80 முதல் 200 பாடவேளை, ஏ2 வரை 200 முதல் 350, பி1 வரை 350 முதல் 650. நாளுக்கு ஒரு பாடவேளை படித்தால் ஏ1 முடிக்க மூன்று மாதத்திலிருந்து ஆறரை மாதம், பி1 தொட ஒரு வருடத்திலிருந்து ஒன்றே முக்கால் வருடம். ‘மூன்று மாதத்தில் சரளம்’ என்கிற விளம்பரங்களை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள்.

இலக்கு ஏ1 மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருட இலக்கு ஒரே துறையில் ஊறிக் கிடப்பவருக்குச் சரி. மேய்ந்து பழகியவருக்கு ஆறு மாதத்துக்குள் ஒரு முற்றுப்புள்ளி தெரிய வேண்டும். அதற்குப் பிறகு விட்டுப்போனாலும் குற்றமில்லை, கையில் ஒரு சான்றிதழாவது இருக்கும். அதுவரை போகக் கூடாது, அவ்வளவுதான் ஒப்பந்தம்.

தேர்வுக்கு எப்போது பணம் கட்டுவது? முதல் நாள் கட்டாதீர்கள். முதல் நாள் உற்சாகத்தில் இரண்டே மாதத்தில் தேதி வாங்கிவிடுவீர்கள். ஐந்தாவது வாரக் கடைசியில் கட்டுங்கள். அப்போது உங்கள் வேகம் உங்களுக்கே தெரிந்திருக்கும்; சலிப்பு தொடங்கும் ஆறாவது வாரத்தில், கட்டிய பணம் காவல் நிற்கும்.

வாங்க வேண்டியவை

ஏ1 பாடநூல் ஒன்று, அதோடு வரும் பயிற்சி நூல், ஒலிக்கோப்புகள். ஒரு நோட்டு. சொல் அட்டைகளுக்கு ஆன்கி செயலி. டொய்ச்ச வெல்லே ஒலிபரப்பு நிறுவனத்தின் இலவசக் காணொளிப் பாடங்கள் துணைக்கு. இவ்வளவுதான். இரண்டாவது பாடநூல் வாங்குவது படிப்பது மாதிரியே ஒரு திருப்தி தரும், அதனால்தான் ஆபத்து. எந்த நல்ல பாடநூலும் ஏ1-க்குப் போதும். எட்டாவது பாடம் புரியவில்லை என்று வேறு நூலுக்குத் தாவினால், அங்கே முதல் ஏழு பாடமும் தெரிந்ததாகவே இருக்கும், முன்னேறுவதாகத் தோன்றும், எட்டாவது பாடத்தில் அதே சுவரில் முட்டுவீர்கள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தைக் ‘காத்திருப்போர் பட்டிய’லுக்கு ஒதுக்குங்கள். புதிதாக ஏதாவது இழுக்கும்போது அதன் பெயரையும் தேதியையும் அங்கே எழுதிவிட்டு அன்றைய பாடத்துக்குத் திரும்புங்கள். முப்பது நாள் கழித்தும் ஆசை இருந்தால் வாரத்தில் ஒரு நாள் அதற்குக் கொடுங்கள். பெரும்பாலான பெயர்கள் முப்பது நாள் தாங்காது.

தாங்கியதை ஜெர்மனுக்குள் இழுத்துவிடுங்கள். சதுரங்கம் என்று வைத்துக்கொள்வோம். குதிரைக்கு ஜெர்மனில் டேர் ஷ்ப்ரிங்கெர், அதாவது தாவுபவன். பிஷப்புக்கு டேர் லொய்ஃபெர், ஓடுபவன். யானைக்கு டேர் டுர்ம், கோபுரம். சிப்பாய்க்கு டேர் பவுவெர், விவசாயி. ராணிக்கு டீ டாமெ, சீமாட்டி. ஐந்து காயில் ஒரு இலக்கண விதியும் கிடைத்துவிட்டது: ஒரு வேலையைச் செய்பவரைக் குறித்து ‘எர்’ என்று முடியும் சொல் ஆண்பால், டேர். அடுத்த மாதம் ஆசை மிதிவண்டி மேல் போனால் சங்கிலி, பிரேக், இருக்கை என்று அங்கே இன்னொரு பதினைந்து சொல். புதுமைக்குக் கொடுத்த இடம் இதுதான்.

45 நிமிடத்தைப் பிரிப்பது

தினமும் ஒரே நேரம், ஏற்கெனவே தவறாமல் செய்கிற ஒரு வேலைக்கு அடுத்தபடியாக. முதல் 10 நிமிடம் சொல் அட்டைகள். அடுத்த 20 பாடநூல். அடுத்த 10 அதே பாடத்தின் ஒலிக்கோப்பு: ஒரு வாக்கியம் கேளுங்கள், நிறுத்துங்கள், அதே ஏற்ற இறக்கத்தோடு உரக்கச் சொல்லுங்கள். மனசுக்குள் சொல்வது கணக்கில் சேராது, நாக்குக்கு அது தெரியாது. கடைசி 5 நிமிடம் மூன்று வாக்கியம் சொந்தமாக எழுதுங்கள். நேரமே இல்லாத நாளில் அட்டைகள் மட்டும், ஐந்து நிமிடம். பூஜ்ஜியமாக ஒரு நாள் போகலாம். அடுத்தடுத்து இரண்டு நாள் போக விடாதீர்கள்.

முதல் வாரம்: ஒலி மட்டும்

இந்தக் கட்டுரையில் ஜெர்மன் சொற்கள் தமிழ் எழுத்தில் இருக்கின்றன. உங்கள் நோட்டில் இப்படி எழுதாதீர்கள். தமிழ் எழுத்து ‘பாம்பு’வின் இரண்டு பகரத்தையும் ஒரே எழுத்தால் குறிக்கும், ஜெர்மனில் அந்த இரண்டும் வேறு வேறு எழுத்து, வேறு வேறு பொருள். தமிழில் எழுதிப் பழகியவர் ஆறு மாதம் கழித்தும் எழுத்துப் பிழையோடு மல்லுக்கு நிற்பார்.

தமிழருக்கு ஒரு பெரிய வசதி, குறில் நெடில் காதில் ஏறியிருப்பது. ஒஃபென் என்றால் திறந்திருப்பது, ஓஃபென் என்றால் அடுப்பு. ஷ்டட் நகரம், ஷ்டாட் அரசு. ஆங்கிலத்திலிருந்து வருகிறவர்கள் தடுமாறும் இடத்தை நாம் சும்மா கடந்துவிடலாம். பொதுவாக மெய்யெழுத்து இரட்டித்தால் முன்னால் இருப்பது குறில். உயிருக்குப் பின் ஊமையாக ஹகரம் வந்தால் நெடில்.

இரண்டு புள்ளி வைத்த எழுத்துகளுக்கு ஒரு வித்தை. ‘ஈ’ என்று இழுத்துக்கொண்டே நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவியுங்கள், வருகிற ஒலிதான் புள்ளி வைத்த ஊ. ‘ஏ’ என்று இழுத்து உதட்டை ‘ஓ’வுக்குக் குவித்தால் புள்ளி வைத்த ஓ. ‘யூ’ என்று சொல்வது பரவலான தவறு. ஒலி நடுவில் மாறினால் தவறு என்று பிடித்துக்கொள்ளலாம். ‘இஹ்’ (நான்) என்ற சொல்லின் கடைசி ஒலிக்கு, ‘ஈ’ சொல்லும் நிலையில் நாக்கை வைத்துக் குரலை நிறுத்திவிட்டு மூச்சை மட்டும் தள்ளுங்கள். பூனை சீறுவதில் பாதி. அதை ‘இஷ்’ என்றாலும் புரிந்துகொள்வார்கள், ‘இக்’ என்றாலும் சில வட்டாரங்களில் அப்படித்தான், ஆனால் பழகும்போதே சரியாகப் பழகுவது மலிவு.

வாக்கியத்தைத் தமிழில் கட்டுங்கள்

ஜெர்மன் வினைச்சொல் கடைசியில் போய் நிற்கிறது என்று பயமுறுத்துவார்கள். ஆங்கிலம் வழியாகப் போகிறவருக்குத்தான் அது பயம். கடைசியில் வினை வைத்தே பேசிப் பழகிய நமக்கு என்ன?

‘யேடென் டாக் ஐனெ ஷ்டுண்டெ டொய்ச் லெர்னென்’ என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். யேடென் டாக், தினமும். ஐனெ ஷ்டுண்டெ, ஒரு மணி நேரம். டொய்ச், ஜெர்மன். லெர்னென், படிக்க. ‘தினமும் ஒரு மணி நேரம் ஜெர்மன் படிக்க.’ ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. இதன் பின்னால் ‘விரும்புகிறேன்’ என்பதற்கு ‘வில்’ சேருங்கள்: ‘லெர்னென் வில்’, படிக்க விரும்புகிறேன். காரணம் சொல்லும் ‘வைல்’, ‘என்று’ பொருள் தரும் ‘டஸ்’, ‘ஆல்’ பொருள் தரும் ‘வென்’ போன்ற இணைப்புச் சொற்களுக்குப் பிறகு ஜெர்மன் வாக்கியம் அப்படியேதான் நிற்கும்.

தனி வாக்கியமாகச் சொல்லும்போது ஒரே ஒரு மாற்றம். ஆளுக்கேற்ப விகுதி மாறுகிற வினையை மட்டும் கடைசியிலிருந்து பிடுங்கி இரண்டாம் இடத்தில் நடுங்கள்: ‘இஹ் வில் யேடென் டாக் ஐனெ ஷ்டுண்டெ டொய்ச் லெர்னென்.’ மற்ற எதையும் தொடாதீர்கள். வாக்கியத்தை ‘இன்று’ என்று தொடங்கினாலும் வினை இரண்டாம் இடம்தான். ‘நான்’ வினைக்குப் பின்னால் போய்விடும். ‘ஹொய்டெ இஹ் வில்’ தவறு, ‘ஹொய்டெ வில் இஹ்’ சரி. ஏ1 விடைத்தாள்களில் தவறாமல் தலைகாட்டும் பிழை இது.

இறந்த காலமும் இந்த முறைக்குள்தான். ‘நாஹ் ஹவுஸெ கெகங்கென் பின்’: வீட்டுக்குப் போய் இருக்கிறேன். பின் என்றால் ‘இருக்கிறேன்’. போய்+இருக்கிறேன் என்று நாம் ஒட்டிச் சொல்வதை அவர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். ‘பின்’னைப் பிடுங்கி இரண்டாம் இடத்தில் வைத்தால் ‘இஹ் பின் நாஹ் ஹவுஸெ கெகங்கென்’. போதல், வருதல் மாதிரி இடம் பெயரும் வினைகளுக்கு இந்த ‘இரு’. பார்த்தல், சாப்பிடுதல் போன்ற பெரும்பாலானவற்றுக்கு ‘ஹாபெ’ வரும், அதை மட்டும் தனியாக நினைவில் வைக்க வேண்டும்.

பிரியும் வினைகளும் இதே கதை. ‘அவுஃப்ஷ்டேயென்’ எழுந்திருத்தல். ‘நாளை ஆறு மணிக்கு எழுந்திரிக்க’ என்று தமிழ் வரிசையில் கட்டி, கடைசியில் நிற்கும் வினையின் ‘ஷ்டேயெ’ பகுதியை மட்டும் இரண்டாம் இடத்துக்கு அனுப்பினால், ‘அவுஃப்’ இருந்த இடத்திலேயே நிற்கும்: ‘இஹ் ஷ்டேயெ மொர்கென் உம் ஸெக்ஸ் அவுஃப்.’ ஜெர்மன் வினை முன்பாதியை விட்டுவிட்டு ஓடுகிறது என்று பாடநூல்கள் தனி அத்தியாயம் போடும். புது விதி ஒன்றும் இல்லை.

தினமும் எழுதும் மூன்று வாக்கியங்களை இந்த முறையில் எழுதுங்கள். தமிழ் வரிசையில் கட்டு, வினையைப் பிடுங்கு, நடு. மூன்றாவது மாதத்தில் யோசிக்காமல் வரும்.

வேற்றுமை: உதவும் தமிழ், காலை வாரும் தமிழ்

நமக்கு எட்டு வேற்றுமை, அவர்களுக்கு நான்கு. ஏ1-இல் மூன்றுதான். இரண்டாம் வேற்றுமையில் ஆண்பால் மட்டும் மாறுகிறது, டேர் டேன் ஆகிறது; பெண்பாலின் டீயும், இரண்டுமில்லாத பாலின் டஸ்ஸும் அப்படியே. ஆறாவது வாரத்துப் பூதம் இவ்வளவுதான் என்று முன்பே தெரிந்துகொண்டு போனால் பாதி பயம் குறையும்.

நான்காம் வேற்றுமை நம் ‘கு’. ‘எனக்குக் குளிருது’ என்பதை ‘மீர் இஸ்ட் கல்ட்’ என்கிறார்கள்; மீர் என்றால் எனக்கு. ஆங்கில வழியில் ‘இஹ் பின் கல்ட்’ என்று சொன்னால் ‘நான் நெஞ்சில் ஈரமில்லாத ஆள்’ என்று அர்த்தமாகிவிடும். ‘அது எனக்குப் பிடிச்சிருக்கு’, ‘டஸ் கெஃபெல்ட் மீர்’. இந்த இடங்களில் ஆங்கிலத்தை மூடிவைத்துவிட்டு நேராகத் தமிழிலிருந்து போங்கள்.

‘இன்’, ‘அவுஃப்’ மாதிரி பெயருக்கு முன்னால் நின்று இடம் சொல்லும் ஒன்பது முன்னிடைச்சொற்கள் இரண்டாம், நான்காம் வேற்றுமை இரண்டையும் ஏற்கும். ‘பள்ளிக்குப் போகிறேன்’ ‘இன் டீ ஷூலெ’. ‘பள்ளியில் இருக்கிறேன்’ ‘இன் டேர் ஷூலெ’. கு, இல் என்று நாம் பிரிப்பதை அவர்கள் டீ, டேர் என்று பிரிக்கிறார்கள். இங்கே ‘டேர்’ ஆண்பால் இல்லை. பெண்பாலின் நான்காம் வேற்றுமையும் அதே வடிவம்தான். இதைக் கவனிக்காதவர்கள் பள்ளிக்கூடம் ஆண்பால் என்று தப்பாகப் பதிய வைத்துக்கொள்கிறார்கள்.

‘மேல்’, ‘கீழ்’ வரும்போது தமிழ் காலை வாரிவிடும். ‘மேஜை மேல வை’, ‘மேஜை மேல இருக்கு’: நமக்கு இரண்டும் ஒன்று. ஜெர்மனில் வைக்கும்போது ‘அவுஃப் டேன் டிஷ்’, இருக்கும்போது ‘அவுஃப் டேம் டிஷ்’. பொருள் ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்கிறதா, அங்கேயே இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டும். சேர்ந்தால் டேன், இருந்தால் டேம்.

எப்போதும் நான்காம் வேற்றுமையே கேட்கும் ஏழு சொற்கள் உண்டு: அவுஸ், பை, மிட், நாஹ், ஸைட், ஃபொன், ட்ஸூ. வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வேண்டியதுதான்.

பால்: விளக்கம் தேடாதீர்கள்

சாப்பாட்டு மேஜையில் கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டுமில்லை. டேர் லொஃபெல், டீ காபெல், டஸ் மெஸ்ஸெர். உயர்திணை அஃறிணை என்று பொருளைப் பார்த்துப் பால் சொல்லிப் பழகிய நமக்கு இது அநியாயமாகப் படும். சிறுமியைக் குறிக்கும் ‘மேட்ஹென்’ அஃறிணைப் பால் என்பது உச்சம். அதற்காவது காரணம் உண்டு, ‘ஹென்’ என்று செல்லமாகச் சுருக்கிய சொல் எல்லாமே டஸ். உங், ஹைட், கைட், ஷஃப்ட் விகுதிகள் வந்தால் டீ. கிழமை, மாதம், பருவம் எல்லாம் டேர். மற்றவை அட்டைக்குப் போகட்டும்.

அட்டையின் ஒருபக்கம் தமிழ்ப் பொருள் அல்லது படம். மறுபக்கம் பால் சொல், பெயர்ச்சொல், பன்மை, ஒரு குட்டி வாக்கியம். பால் சொல் இல்லாமல் ‘டிஷ்’ என்று மட்டும் எழுதிய அட்டையைக் கிழித்துப் போடுங்கள். பிறகு வந்து பாலைத் தனியாகச் சேர்ப்பது இரட்டை வேலை. டேர் நீலம், டீ சிவப்பு, டஸ் பச்சை என்று நிறம் கொடுங்கள்.

ஆன்கி தானாக நாளுக்கு 20 புது அட்டை காட்டும். அதை 8 ஆக்குங்கள். கோதேயின் ஏ1 பட்டியலில் ஏறத்தாழ 650 சொற்கள், எட்டு எட்டாக 80 நாளில் முடியும். முதல் வார ஆர்வத்தில் 30 வைத்தால் மூன்றாவது வாரம் பழைய அட்டைகள் நூற்றுக்கணக்கில் திரும்பி வந்து நிற்கும், செயலியைத் திறக்கவே கை வராது. ஏற்கெனவே குவிந்துவிட்டதா? புது அட்டையைப் பூஜ்ஜியமாக்கி, பழையதை நாளுக்கு 50 வீதம் தீருங்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் ‘புதிதாகத் தொடங்கலாம்’ என்று தோன்றும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வியாதி அது.

எண்ணும் மணியும்

21 என்பதை ‘ஒன்றும் இருபதும்’ என்றுதான் சொல்வார்கள்: ஐன்-உண்ட்-ட்ஸ்வன்ட்ஸிஹ். 99 வரை இப்படியே. 47 என்று சொன்னால் முதலில் ஏழு காதில் விழும், கை 7 என்று எழுதிவிடும், 74 ஆகிவிடும். முழுச் சொல்லும் காதில் விழுந்த பிறகே பேனாவை வையுங்கள். நாளுக்கு இருபது இரண்டிலக்க எண்ணைக் கேட்டு எழுதினால் இரண்டு வாரத்தில் சரியாகும்.

‘ஹல்ப் ட்ரை’ என்றால் மூன்றரை இல்லை, இரண்டரை. மூன்றை நோக்கிப் பாதி வழி வந்தாயிற்று என்ற கணக்கு.

தேர்வு

நான்கு பகுதி: கேட்டல் சுமார் 20 நிமிடம், வாசித்தல் 25, எழுதுதல் 20, பேசுதல் 15. நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி. எழுத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், சுமார் 30 சொல்லில் ஒரு கடிதம் எழுத வேண்டும். கடிதத்தில் மூன்று குறிப்புகள் கொடுத்திருப்பார்கள். அழகாக எழுதி ஒன்றை விட்டால் மதிப்பெண் போகும், சுமாராக எழுதி மூன்றையும் தொட்டால் கிடைக்கும். விளிப்பும் வணக்கமும் மறக்கக் கூடாது.

பேசும் பகுதி தன்னறிமுகத்தில் தொடங்கும்: பெயர், வயது, நாடு, ஊர், மொழிகள், தொழில், பொழுதுபோக்கு. ஏழுக்கும் ஏழு வாக்கியம், கைப்பேசியில் பதிவுசெய்து கேட்டுக் கேட்டுத் திருத்துங்கள். பொழுதுபோக்குக்கு மட்டும் உங்களிடம் சொல்ல நிறைய இருக்கும், ஒன்றோடு நிறுத்துங்கள்.

அறிமுகம் முடிந்ததும் பெயரையோ ஊரையோ எழுத்துக்கூட்டச் சொல்வார்கள். நன்றாகப் படித்தவர்களே சறுக்கும் இடம் இது. ஆங்கிலத்தில் ‘ஏ’ என்று கூப்பிடும் எழுத்துக்கு ஜெர்மனில் ‘ஆ’ என்று பெயர். ஆங்கிலத்து ‘ஈ’ அங்கே ‘ஏ’. ஆங்கிலத்து ‘ஐ’ அங்கே ‘ஈ’. பதற்றத்தில் பழைய பெயர் வாயில் வந்தால் எதிரே இருப்பவர் வேறு எழுத்தை எழுதிக்கொள்வார். ‘விஜய்’ என்ற பெயர் ஃபவ், ஈ, யொட், ஆ, யுப்ஸிலொன். உங்கள் பெயரையும் ஊரையும் முதல் வாரத்திலேயே இப்படிப் பிரித்து எழுதி, தினமும் பாடம் தொடங்கும் முன் ஒருமுறை உரக்கச் சொல்லுங்கள்.